ஆமென் போட்டவர்கள்

முன்பின் தெரியாத ஒரு பெண் ஷார்ஜாவிலிருந்து போன் செய்து, "சிஸ்டர், தைரியமா இருங்க, உங்க மகளோட மூளைக் கட்டிக்காக நாங்க இங்க உபவாசம் இருக்கோம்" என்று சொன்னபோது, நான் ட்யூட்டி முடித்து ஆஸ்பத்திரி லாக்கர் அறையில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு மூளையில் கட்டி எதுவும் கிடையாது. ராங் நம்பர் என்றேன். அந்தம்மா விடவில்லை. டெல்லி மயூர் விஹார்தானே, பிள்ளை பதினொன்றாம் வகுப்புதானே, அப்பாவுக்கு நொய்டாவில்தானே வேலை என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "குரூப்ல வந்துச்சு சிஸ்டர். உங்க நம்பரும் அதுலதான் போட்டிருந்துச்சு" என்றார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்த மகள் அப்படியே சரிந்து விழுந்தாள். வலிப்பு. இந்த வேலையில் எத்தனையோ பேருக்குப் பார்த்ததுதான். பெற்ற பிள்ளைக்குப் பார்ப்பது வேறு. கை தானாக அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தது, கண் தானாகக் கடிகாரத்தைப் பார்த்தது, நெஞ்சு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், அவள் கையில் திணிக்க! இத்தனை வருஷம் ஒரு நர்ஸோடு குடும்பம் நடத்தியவர், கம்ப்யூட்டர் படித்தவர், சாவிக்கொத்து! "அத அங்க வைங்க, மொதல்ல அந்த நாற்காலியத் தள்ளுங்க" என்று கத்தினேன்.

ஸ்கேன் எடுத்தோம். சுத்தமாக இருந்தது. இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, மாத்திரைக்கு அடங்கிவிடும், படிக்கலாம், ஆடலாம், ஒன்றுக்கும் தடையில்லை என்று நரம்பு டாக்டர் சொன்னார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். காலையில் எழுந்ததும் கை சின்னதாக உதறும், கண் மூடித் திறக்கும் நேரம்தான். அப்படி உதறினால் ஒன்று விடாமல் தன்னிடம் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று பார்க்க முடியும். சொல்லாமல் விட்டால் அடுத்த பெரிய வலிப்பு எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது, மாடிப்படியாகவும் இருக்கலாம், ரோட்டைக் கடக்கும்போதும் வரலாம். இதையெல்லாம் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தியம் வாங்கினாள். "யாருக்கும் சொல்லக் கூடாது. கிஸி கோ பீ நஹி. ப்ராமிஸ்?" நான் கையில் அடித்துக் கொடுத்தேன். அவரும் கொடுத்தார். அவள் கண்ணைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

அதனால்தான் ஷார்ஜாக்காரி போனை வைத்ததும் நேராக வீட்டுக்குக் கிளம்பினேன். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம் செஞ்சிருக்கிய தெரியுமா? யாரக் கேட்டுப் போட்டிய?"

"ஏட்டி, நான் வெளிய யார்ட்ட சொன்னேன்? சபையிலதான சொன்னேன்" என்றார். "ஜெபத்துக்குச் சொன்னது சொன்னதாகுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்ன சங்கதியை, 'ஜெபக் குறிப்பு' என்று பெயர் வைத்துச் சொல்லிவிட்டால் வாக்கு மீறினதாக ஆகாது. கர்த்தரிடம்தானே சொல்கிறோம், கூடவே நாலு பேர் கேட்கிறார்கள், அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமையில் எத்தனை கல்யாணங்கள் இப்படி ஜெபத்திலேயே நின்றுபோயின என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அங்கே நாலு பேர் என்றால் நாலு பேர்தான்.

சபை வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டதை வாங்கிப் பார்த்தேன். பெண், வயது இவ்வளவு, மயூர் விஹார், திடீர் வலிப்பு, தலை ஸ்கேன் எடுக்கப்பட்டுள்ளது, அவசர ஜெபம் தேவை, தொடர்புக்கு என்று என் நம்பர். ஜெபத்துக்கு எதற்கையா தொடர்பு நம்பர்? கேட்டுவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கொரோனா இரண்டாம் அலையில் அவர் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என் புருஷனுக்கே படுக்கை இல்லை. டெல்லி முழுக்க அதே கதை. ஆண், வயது, ஏரியா, ஆக்சிஜன் அளவு, தொடர்புக்கு என்று நான்தான் அன்று குரூப்பில் எழுதிப் போட்டேன். அப்படி எழுதினால்தான் உண்மையான கேஸ் என்று நம்புவார்கள், அப்படித்தான் எல்லாரும் எழுதினோம். அது சபை குரூப்பிலிருந்து வேறொன்றுக்கு, அங்கிருந்து யார் யாருடைய குரூப்புக்கோ போய், ஜனக்புரியிலிருந்து ஒரு பஞ்சாபிக்காரர் காரின் டிக்கியில் சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார். டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. "சிஸ்டர்ஜி, ஜல்தி லகாவ்", சீக்கிரம் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அந்தச் செய்தியைத் தட்டிவிட்டவர்களில் ஒருத்தர் கூட யோசித்துத் தட்டியிருக்க மாட்டார்கள். யோசித்திருந்தால் எனக்குத் தாலி இல்லை.

ஆக அவர் உயிரோடு இருப்பதே அந்த குரூப்பால் என்று அவர் நம்புகிறார். மகளுக்கு ஒன்று என்றதும் கை அங்கேதான் போயிருக்கிறது. பயந்த மனுஷன், பாவம்தான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் அடங்கவில்லை.

உடனே அழித்தார். எல்லோருக்கும் அழிப்பது என்று ஒரு பட்டன் இருக்கிறதாம். எல்லோருக்கும் என்றால் அந்த ஒரு குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும். அங்கிருந்து கிளம்பிப் போனதற்கு அது பொறுப்பில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியச் செயலாளர் அக்காவுக்குப் போன் போட்டேன். "நான் நம்ம லேடீஸ் குரூப்ல மட்டுந்தாம்மா போட்டேன்" என்றார். பிறகு பேசிய எல்லாருமே ஒரே ஒரு குரூப்பில் மட்டும்தான் போட்டிருந்தார்கள். ஒருவர் தலை ஸ்கேன் என்பதை மூளை ஸ்கேன் ஆக்கியிருந்தார், அடுத்தவர் மூளை ஸ்கேன் என்றால் கட்டியாகத்தானே இருக்கும் என்று நினைத்திருக்கிறார், அதற்கடுத்தவர் ஐ.சி.யு.வில் சேர்த்தேவிட்டார். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை, சத்தியமாக இல்லை. ஒரு குரூப்பில் இருந்த தெரிந்தவளின் போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஆமென், ஆமென், கூப்பிய கை, அழுகிற முகம், ஆமென். இந்த விஷயம் இங்கே வந்திருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

மகளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்விட்டது. யாரோ ஆங்கிலத்தில் எழுதி, சபையில் அவளை முழு அங்கத்தினராகச் சேர்த்த திடப்படுத்தல் ஆராதனைப் போட்டோவையும் ஒட்டி விட்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பில், தலையில் முக்காடு போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் படம். என் வீட்டுக்காரர் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தது. வகுப்பில் ஒருத்தி அதைக் காட்டி, கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்களாம். தண்ணீர் பாட்டிலை அவளைத் தூக்க விடவில்லை. மாடிப்படியில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கெமிஸ்ட்ரி லேபில் அடுப்புப் பக்கம் போகாதே, தள்ளி நின்று மற்றவர்கள் சொல்வதை எழுது என்று டீச்சர் சொல்லிவிட்டார். இவளுக்கு லேப் என்றால் உயிர்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள். "டாடிதான் போட்டாரா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்டார், தலையில் கை வைக்கப் போனார். அவள் விலகி நின்று, "இட்ஸ் ஓகே டாடி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சமையலறைச் சண்டை எல்லாமே இதைப் பற்றித்தான். அவர் ஒரு ஷாப்பிங் ஆப் நடத்தும் கம்பெனியில் இருக்கிறார். ஜனங்கள் போனில் எந்த நேரத்துக்கு எந்த நோட்டிஃபிகேஷன் மணி அடிக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. "போனக் குத்தம் சொல்லி என்ன செய்ய? ஊர் வாய மூட ஒலமூடி உண்டா? போன் இல்லாத காலத்துல மட்டும் சும்மாவா இருந்தானுவ?" என்றார். "இது கத்தி மாதிரிட்டி. காயும் வெட்டலாம், கையும் வெட்டலாம்."

"எங்க வீட்டுக் கத்தி தானா எந்திரிச்சு வந்து, நேத்து வெட்டினியே, இன்னைக்கு வெட்டலியான்னு கேக்காது" என்றேன். சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டையில் என் அம்மா காலத்திலும் ஜெபச் சங்கிலி என்று ஒன்று இருந்தது. போன் உள்ள வீட்டுப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் காலம் புனிதம் என்று சொல்ல வரவில்லை, அதில் வம்புக்காரிகள் இரண்டு மடங்கு இருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் என்கேஜ்டாக இருக்கும், இன்னொருத்தி சந்தைக்குப் போயிருப்பாள், மூன்றாமவளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடும். சொல்லுகிறவள் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து, அந்தப் பெண்ணுக்கு வலிப்பாம் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். பாதி வழியில் எவளுக்காவது மனசு உறுத்தும். இதை அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் வெங்காயத்தையே உரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே சொன்னார். "எங்க ஆப்ல ஒரு தடவ, ஷேர் பண்ணப் போறவங்ககிட்ட, நிச்சயமா அனுப்பணுமான்னு ஒரு கேள்வி வச்சுப் பாத்தோம். நெறைய பேரு வேண்டாம்னு திரும்பிப் போயிட்டாங்க."

"நல்லதுதான?"

"அதனாலதான் எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

அவர் வெங்காயத்தை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "எங்க டீம்தான். நாந்தான் எடுத்தேன்" என்றார்.

அன்று நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். ஆனால் துணி மடிக்கும்போது அந்தப் பஞ்சாபிக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி வந்திருந்தால்? நிச்சயமா அனுப்பணுமா, யாரோ தெரியாத ஆளுக்கு ஆக்சிஜன்? நெறைய பேர் திரும்பிப் போயிருந்தால்? அதே வேகம்தான் என் புருஷனைக் காப்பாற்றியது, அதே வேகம்தான் என் பிள்ளையைத் தெருவில் நிறுத்தியது. சிலிண்டருக்கும் என் மகளுக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றை யாரோ உட்கார்ந்து, யோசித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள். தெரியும்படி செய்திருக்க முடியாதா? முடியும் என்று அவரே சொல்கிறார். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் ஆமென் போட்டவர்களை நினைப்பேன், அவர்களை யார் செய்தது என்று. இன்றுவரை எனக்கு இதில் ஒரு முடிவு இல்லை.

முடிவு தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. மகளிடம் ஏதோ சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் டீ இல்லாமல் கண் திறக்காதவள், டீ வேண்டாம் என்றாள். கோபம் என்று விட்டுவிட்டேன். பாத்ரூமில் வெகுநேரம் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒரு நாள் உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போய்த் தட்டினேன். "சோப்பு விழுந்திச்சு மா, பஸ் கரோ, போதும் விடு" என்றாள். அவள் பள்ளிக்குப் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். பேஸ்ட் கண்ணாடிக்கு மேலே, சுவரில், என் தலை உயரத்துக்குத் தெறித்துக் காய்ந்திருந்தது. பல் தேய்க்கிறவள் அங்கே தெறிக்க வைக்க முடியாது. கை தூக்கிப் போட்டால்தான் முடியும். அப்போதுதான் டீயும் விளங்கியது. கையில் டம்ளர் நிற்காது.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "மக்களே, காலைல கை ஒதறுதா?"

"இல்லை."

"அம்மைகிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்."

"இல்லைன்னா இல்லை" என்றாள். இல்லாத விஷயத்துக்கு அவ்வளவு வேகமாக யாரும் பதில் சொல்வதில்லை. அவள் தினமும் ரோட்டைக் கடந்து பஸ் ஏறுகிறாள், படி ஏறுகிறாள். எதையும் என்னால் நிரூபிக்க முடியாது, அவள் வாயைத் திறந்தால்தான் உண்டு. வேலையில் யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செயலாளர் அக்கா பிடித்துக்கொண்டார். ஜெபக் குறிப்பு கொடுத்தால் சுகமானதும் சாட்சி சொல்ல வேண்டும், அது எங்கள் முறை. "எல்லாரும் கேக்காங்கம்மா. பிள்ளை எப்படி இருக்கான்னு ஒரு வரி போடச் சொல்லுங்க. ஒரு போட்டோவும் போட்டா நல்லது" என்றார். சபையில் வைத்துச் சண்டை போடக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்தோம். டாக்டர் வழக்கம்போல அவளைப் பார்த்து இந்தியில் கேட்டார், காலையில் கை உதறுகிறதா பேட்டா என்று. அவள் அப்பா மடியில் கவிழ்த்து வைத்திருந்த போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "பெஹலே இன் தோனோ கோ பாஹர் பேஜியே" என்றாள். முதலில் இவர்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்புங்கள்.

நான் தினமும் நோயாளிகளின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புகிறவள். பாஹர், பாஹர் என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் என் தோளைத் தொட்டு எழுப்பினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் போன் துடித்தது. எட்டிப் பார்த்தேன், செயலாளர் அக்காதான். 'சாட்சிக்காகக் காத்திருக்கிறோம் பிரதர்.' அவர் அதைப் படித்துவிட்டு போனை மொத்தமாக அணைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கதவு இழுத்துச் சாத்தியிருந்ததால் உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டார். உதறல் இருக்கிறது, மருந்தைக் கூட்டியிருக்கிறேன், அடங்கிவிடும் என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். "இவ்வளவு சொல்லத்தான் அவள் சம்மதித்திருக்கிறாள் சிஸ்டர்" என்றார்.

மருந்துச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நேராக அப்பாவிடம் போனாள். "டாடி, போட்டாச்சா?" என்றாள்.

அவர் இல்லை என்று தலையாட்டி, அணைந்த போனை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பட்டனை அழுத்தி, அது உயிர் பெறும்வரை அங்கேயே நின்று காத்திருந்தாள். குரூப் குரூப்பாகத் திறந்து கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு ஓரளவு மனசு ஆறினது போலத்தான் இருந்தது. லிஃப்ட் பக்கம் போகலாம் என்று நான் நகர்ந்தேன்.

அவள் நகரவில்லை. என்னிடம் கையை நீட்டினாள்.

"அம்மா, உன்னோடதும் காட்டு."

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.